கச்சான் காலத்து அம்புலன்ஸ்: மருந்துப் பெட்டியும் ஒட்சிசன் கணக்கும்

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பில் கச்சான் என்னும் வறண்ட சூட்டுக் காற்று தொடங்கிவிடும். வெளியே நிழலில் 34 பாகை செல்சியஸ் என்றால், கண்ணாடி ஏற்றிப் பூட்டி வெயிலில் விட்ட அம்புலன்ஸின் உள்ளே ஒரு மணித்தியாலத்தில் 50 பாகையை நெருங்கும். மருந்துப் பெட்டி இருப்பது அதற்குள்தான். அட்ரினலின் பெட்டியின் பக்கவாட்டைத் திருப்பிப் பாருங்கள்: 25 பாகைக்குக் கீழே, வெளிச்சம் படாமல் வைக்கவும் என்று இருக்கும். பிள்ளை பெற்றவரின் இரத்தப்போக்குக்குக் கொடுக்கும் ஒக்சிடோசின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டியது. குளிர்ப்பெட்டி வேலை செய்யாத வாகனத்தில் ஒக்சிடோசின் இருந்தும் இல்லாத மாதிரிதான். சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கு 30 பாகைக்கு மேல் ஆகாது. ஈ.சி.ஜி. ஒட்டிகளின் ஜெல்லும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேற்றர் பட்டைகளின் ஜெல்லும் உறை திறந்திருந்தால் இந்த வெக்கையில் காய்ந்து போகும். காய்ந்த பட்டை நெஞ்சில் ஒட்டாது. கருவி "பட்டையைச் சரிபார்க்கவும்" என்று கத்திக்கொண்டே நிற்கும், நோயாளி கிடப்பார்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. அம்புலன்ஸ் ஊழியருக்குப் படித்ததைத் திரும்பச் சொல்லும் மீட்டல் வகுப்பு என்றாலே பிரஷர் பார்ப்பது எப்படி, நாடி பிடிப்பது எப்படி என்று தொடங்கி விடுகிறார்கள். தினமும் செய்வதை யாரும் மறப்பதில்லை. மறந்து போவது வருடத்தில் இரண்டு தடவை உடைக்கும் அம்பியூலின் அளவு, எப்போதாவது எடுக்கும் கருவியின் வால்வு எந்தப் பக்கம் என்பது, சிலிண்டரில் இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் என்ற கணக்கு. வகுப்பு நேரத்தை அங்கேதான் போட வேண்டும்.

2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் இலவச அம்புலன்ஸ் சேவையில் ஒரு வாகனத்துக்கு ஒரு ஈ.எம்.ரி. (அவசர மருத்துவ உதவியாளர்), ஒரு சாரதி. வைத்தியசாலை அம்புலன்ஸ்களில் சிலவேளை ஒரு தாதியும் ஏறுவார். எப்படியும் பின்னால் வேலை செய்வது பெரும்பாலும் ஒரு சோடிக் கைதான். கீழே வரும் மருந்துகளில் எதை யார் கொடுக்கலாம் என்பதை உங்கள் சேவையின் நெறிமுறையும் தொலைபேசியில் இருக்கும் வைத்தியரும்தான் தீர்மானிக்க வேண்டும். வைத்தியர் சொன்ன அளவைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யாமல் ஊசி ஏற்றக் கூடாது.

அட்ரினலின்: ஒரே அம்பியூல், இரண்டு வேலை

ஒரு மில்லிலீற்றர் அம்பியூல், அதில் 1 மில்லிகிராம். பெட்டியில் 1:1000 என்று இருக்கும். இறால், நண்டு, குளவிக் கொட்டு, டிஸ்பென்சரியில் போட்ட அன்டிபயோட்டிக் ஊசி என்று எதனாலும் வரும் கடும் ஒவ்வாமைக்குப் பெரியவருக்கு 0.5 மி.கி., அதாவது அரை அம்பியூல், தொடையின் நடுப்பகுதியில் வெளிப்புறத் தசைக்குள். 6 முதல் 12 வயதுக்கு 0.3, அதற்குக் கீழே 6 மாதம் வரை 0.15. ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் அதே அளவு திரும்ப, மற்றத் தொடையில்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. முதலாவது, அரிப்புக்கான பிரிட்டோனும் ஸ்டீரொய்ட்டான ஹைட்ரோகோர்ட்டிசோனும் முதலில் போய், அட்ரினலின் "பார்ப்போம்" என்று நிற்பது. தடிப்பும் அரிப்பும் பிரிட்டோனுக்கு அடங்கலாம். தொண்டை வீக்கமும் விழுந்த பிரஷரும் அடங்காது. இரண்டாவது, இன்சுலின் சிரிஞ்சில் இழுப்பது. 0.5 மில்லியை அளக்க அது வசதியாகத் தெரியும். ஆனால் அதன் ஊசி கட்டை, தசையை எட்டாமல் தோலுக்குக் கீழேயே நின்றுவிடும். ஒரு மில்லி சிரிஞ்சும் நீல நிற 23 ஊசியும் ஒன்றாக ரப்பர் பாண்ட் போட்டு அட்ரினலினோடு வைத்துவிடுங்கள், தேடும் வேலை இல்லை. மூன்றாவதுதான் ஆபத்தானது: நாடி இருக்கிற ஆளுக்கு நாளத்துக்குள் ஏற்றுவது. முழு 1 மி.கி. நாளத்துக்குள் போவது இதயம் நின்றவருக்கு மட்டும், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, பின்னால் 20 மில்லி சேலைன் தள்ளி, கையை உயர்த்தி.

ஒவ்வாமை நோயாளி படுத்திருக்க வேண்டும், கால் உயரமாக. மூச்சு முட்டினால் சாய்ந்து இருக்கலாம். "கொஞ்சம் நல்லாயிருக்கு, எழும்பி நடந்து வண்டியில ஏறுறன்" என்று சொல்பவரை நடக்க விடாதீர்கள். திடீரென்று எழுந்து நிற்கும்போதுதான் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் வற்றி விழுந்து போகிறார்கள்.

அட்ரினலின், அட்ரோப்பின் இரண்டும் சின்னக் கண்ணாடி அம்பியூல். ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர். பக்கத்துப் பக்கத்து அறையில் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. ஒன்றை மேல்தட்டில், மற்றதைக் கீழ்தட்டில் வையுங்கள். அட்ரினலின் இளஞ்சிவப்பாகவோ மண்ணிறமாகவோ மாறியிருந்தால் திகதி இருந்தாலும் கழித்துவிட வேண்டியதுதான்.

வயல்வாடியில் மருந்து குடித்தவர்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறை வயல் வட்டைகளிலும் அழைப்பு வரும்போது "மருந்து குடிச்சிட்டார்" என்றுதான் சொல்வார்கள். எந்த மருந்து என்று தொலைபேசியிலேயே கேட்டு, போத்தலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். லேபிளைப் படம் பிடித்தாலும் போதும். பூச்சிநாசினியா களைநாசினியா என்பதிலேயே பாதி வைத்தியம் மாறிவிடும்.

ஓர்கனோபொஸ்பேற், கார்பமேற் வகைப் பூச்சிநாசினி என்றால் ஆளைப் பார்த்ததும் தெரியும்: ஊசிமுனைக் கண்மணி, வாயில் நுரை, வியர்வை, நெஞ்சில் கறகற, குறைந்த நாடி, தசைத்துடிப்பு, மலசலம் போயிருக்கும். உயிரை எடுப்பது நுரையீரலில் நிறையும் அந்தத் தண்ணீரும், களைத்து நின்று போகும் மூச்சுத் தசையும்தான். ஆகவே வேலை வரிசை வாய் துப்புரவு, இடப்பக்கச் சரிவு, ஒட்சிசன், அட்ரோப்பின்.

இலங்கையில் அட்ரோப்பின் அம்பியூல் 0.6 மி.கி. நாடி குறைந்தவருக்கு ஒன்று உடைத்துப் பழகிய கை, இங்கேயும் ஒன்று உடைத்துவிட்டுக் காத்திருக்கும். போதாது. பெரியவருக்கு முதல் ஏற்றலே 1.8 முதல் 3 மி.கி., அதாவது 3 முதல் 5 அம்பியூல். ஐந்து நிமிடத்தில் பார்த்து, நெஞ்சு தெளியவில்லை என்றால் இரட்டிப்பு. இன்னும் இல்லையென்றால் அதன் இரட்டிப்பு. 5, 10, 20 என்று கூட்டிப் பாருங்கள், பதினைந்து நிமிடத்துக்குள் 35 அம்பியூல். வாகனத்தில் பத்துத்தான் இருக்கிறது என்றால் இரண்டாவது ஏற்றலை முடிக்கவே ஐந்து குறையும். அதனால்தான் முதல் ஏற்றல் போனவுடனேயே போகப்போகும் வைத்தியசாலைக்கு அழைத்து அட்ரோப்பின் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும், வழியில் சிறிய வைத்தியசாலை இருந்தால் அங்கே கேட்டு வாங்கிப் போகவும் வேண்டும். சிறுவருக்குக் கிலோவுக்கு 0.02 முதல் 0.05 மி.கி. என்று தொடங்குவது.

எங்கே நிறுத்துவது? இரண்டு பக்கமும் நெஞ்சில் கறகற இல்லை, நாடி 80க்கு மேல், மேல் பிரஷர் 80க்கு மேல், அக்குள் காய்ந்திருக்கிறது, கண்மணி ஊசிமுனையில் இல்லை. இதில் நெஞ்சையும் பிரஷரையும் நம்புங்கள். கண்மணி பிந்தித்தான் விரியும், அதற்காகக் காத்திருந்து ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். நாடி 120 என்பதற்காக ஏற்றாமல் விடுவதும் பிழை. ஈரமான நெஞ்சும் ஒட்சிசன் குறைவும் நாடியைக் கூட்டும். மறுபக்கம், உளறல், காய்ச்சல், வயிற்றுச் சத்தமே இல்லாமல் போவது மூன்றும் சேர்ந்தால் கூடிவிட்டது. கச்சான் வெக்கையில் வியர்க்க முடியாத உடம்பு வேகமாகச் சூடேறும், துணி நனைத்துத் துடையுங்கள்.

ஒட்சிசன் இல்லாமல் அட்ரோப்பின் ஏற்றக் கூடாது என்ற பழைய பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. சிலிண்டர் வெறுமையாக இருந்தாலும் அட்ரோப்பினைத் தாமதிக்க வேண்டாம்.

உடுப்பைக் கழற்றி இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டுங்கள், சவர்க்காரத் தண்ணீரால் தோல், தலைமயிர், நகக்கண் கழுவுங்கள். லேற்றெக்ஸ் கையுறையை விட நைற்றைல் நல்லது. வாகனக் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். தலையிடியும் குமட்டலும் பெரும்பாலும் அந்தக் கரைப்பானின் மணத்தால் வருவது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர் ஏற்கனவே கொடுத்திருப்பார்கள். எவ்வளவு, எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏன் கொடுத்தாய் என்று அந்த நேரத்தில் வீட்டாரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

அலரி விதை என்றால் கதை வேறு. ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார், இதயம் திடீரென்று நிற்கும். ஏற்றியதிலிருந்து இறக்கும் வரை மொனிற்றரைக் கழற்றாதீர்கள். நாடி மிகவும் குறைந்தால் 0.6 மி.கி. அட்ரோப்பின், இங்கே இரட்டிப்புக் கணக்குக் கிடையாது. "நல்லாத்தானே இருக்கிறார், திருப்பிக் கூட்டிப்போறோம்" என்று வீட்டார் சொன்னால் விட்டுவிடக் கூடாத நோயாளி இவர். இந்த இரண்டு வகை நோயாளியையும் தனியே விடாதீர்கள், குத்தலாக ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

ஒட்சிசன்: நிமிடத்தில் எண்ணுங்கள்

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒரு வைத்தியசாலை இல்லாவிட்டால் அடுத்தது. படுவான்கரையில் இருந்து வருபவர் பாலம் கடக்க வேண்டும். கொக்கட்டிச்சோலையில் இருந்து வந்தால் 2014 இல் திறந்த மண்முனைப் பாலம், வெல்லாவெளியில் இருந்தென்றால் பட்டிருப்புப் பாலம், வவுணதீவென்றால் வலையிறவு. மார்கழி வெள்ளத்தில் இந்தப் பக்கத்துத் தாழ்வான பாதைகள் முழுகினால் சுற்றுவழி. சிலிண்டர் கணக்கு அந்தச் சுற்றுவழிக்குப் போட வேண்டியது.

சிலிண்டர் தோளில் அடித்திருக்கும் நீர்க் கொள்ளளவை, மானியில் தெரியும் பார் அழுத்தத்தால் பெருக்குங்கள். 10 லீற்றர் சிலிண்டர், மானி 100 பார் என்றால் 1000 லீற்றர் வாயு. கடைசி 20 பாரை எண்ண வேண்டாம், மிச்சம் 800. பை கட்டிய முகமூடிக்கு நிமிடத்துக்கு 15 லீற்றர் என்றால் 53 நிமிடம். மானி பி.எஸ்.ஐ. காட்டினால் 14.5 ஆல் பிரிக்கவும். 2000 என்பது ஏறத்தாழ 138 பார். ஸ்ட்ரெச்சரோடு தூக்கும் 340 லீற்றர் சின்னச் சிலிண்டர் முழுக்க இருந்தாலும் 15 லீற்றரில் 22 நிமிடம்தான். வயல்வரம்பில் தூக்கிக்கொண்டு வரவே பத்து நிமிடம் போய்விடும். பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஒட்சிசன் கையில் இல்லாமல், வேறு வைத்தியசாலைக்கு மாற்றும் நோயாளியை ஏற்றாதீர்கள்.

எல்லோருக்கும் 15 திறக்கவும் வேண்டாம். பெரும்பாலானோருக்கு விரலில் மாட்டும் கருவி காட்டும் இரத்த ஒட்சிசன் 94 முதல் 98 சதவீதம் போதும். நெடுங்கால பீடி, சுருட்டு நுரையீரல்காரருக்கு 88 முதல் 92. சாதாரண முகமூடியை 5 லீற்றருக்குக் கீழே இறக்காதீர்கள், விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். பை முகமூடியை முகத்தில் போடுவதற்கு முன் பை நிறையட்டும். விரலில் மாட்டும் கருவி மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த கை, நடுக்கம் எல்லாவற்றிலும் ஏமாற்றும். விரலை மாற்றுங்கள், காதில் போடுங்கள். புகை சூழ்ந்த வீட்டில் இருந்து தூக்கியவருக்கு அது 99 காட்டினாலும் நம்பாதீர்கள். காபன் மொனொக்சைட்டை அது ஒட்சிசன் என்றே வாசிக்கும்.

ரெகுலேற்றர் பூட்டும்போது "சீ" என்று கசிந்தால் பெரும்பாலும் இடையில் இருக்கும் வாஷர் இல்லை, அல்லது வெடித்திருக்கிறது. சிலிண்டர் மாற்றும்போது பழைய சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு போய்விடும் சாமான் அது. இரண்டு வாஷர் உபரியாகச் சாவியோடு கட்டித் தொங்க விடுங்கள். கசிவை நிறுத்த ரேப் சுற்றுவதோ, வசலின் பூசுவதோ, தேங்காயெண்ணெய்க் கையால் பிடிப்பதோ கூடாது. அழுத்தத்தில் வரும் ஒட்சிசனும் எண்ணெயும் சேர்ந்தால் தானாகத் தீப்பிடிக்கும். வால்வை மெதுவாகத் திறங்கள்.

கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பலூன் பையைக் கழுவிக் காய வைத்து மீண்டும் பூட்டும்போது தட்டு வால்வு தலைகீழாகப் போவது எல்லா இடத்திலும் நடக்கிறது. பரிசோதனை அரை நிமிடம்: நோயாளிப் பக்கத் துவாரத்தை உள்ளங்கையால் மூடி அமுக்குங்கள், காற்று போகக் கூடாது. கையை எடுத்து அமுக்கினால் சுலபமாகப் போய், விட்டவுடன் பை தானே நிறைய வேண்டும். சிறுவர் பையில் அழுத்த விடுவிப்பு வால்வு உண்டு, சத்தம் வந்தால் பழுதென்று நினைக்க வேண்டாம். பெரியவர் பையை ஒரு கையால், நெஞ்சு எழும்புவது தெரியும் வரைக்கும் மட்டும், ஆறு விநாடிக்கு ஒன்று. இரண்டு கையால் பிழிந்தால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தியாகத் திரும்பி வரும்.

உறிஞ்சு கருவியைச் சோதிக்கக் குழாயின் நுனியைக் கிள்ளிப் பிடியுங்கள். மானி 300 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஜாடியின் மூடி. பத்தில் ஒன்பது தரம் மோட்டர் குறை இல்லை, மூடி சரியாக இறுகாததுதான். ஓர் இழுப்பு 10 முதல் 15 விநாடி.

கல்முனை, பொத்துவில், களுவாஞ்சிக்குடி என்று கடலோரத்தில் நிற்கும் வாகனங்களுக்கு உப்புக் காற்று தனிப் பிரச்சினை. தொண்டைக்குள் பார்க்கும் லரிங்கோஸ்கோப்பின் பிடிக்குள் பற்றரி பச்சையாய்ப் பூத்துப் போயிருக்கும். அடிக்கடி எடுக்காத கருவிகளில் பற்றரியைக் கழற்றி, அதே கருவியில் சின்னப் பையில் ஒட்டி வையுங்கள்.

ஒரே கட்டு: ஓரிடத்தில் உயிர், ஓரிடத்தில் கேடு

அறுவடை மெஷினில் கால் போனவருக்கும், பாம்பு கடித்தவருக்கும் ஊரார் போட்டு வைத்திருப்பது ஒரே கட்டுத்தான். முதலாமவருக்கு அது சரி. காயத்துக்கு 5 முதல் 7 சென்றிமீற்றர் மேலே, மூட்டைத் தவிர்த்து, இரத்தம் நிற்கும் வரை இறுக்கி, நேரத்தைக் கட்டின் மேலேயே எழுத வேண்டும். வலிக்கிறது என்று தளர்த்தாதீர்கள். அரைகுறையாக இறுக்கினால் இரத்தம் திரும்பும் நாளம் மட்டும் மூடி, இரத்தம் வரும் நாடிக்குழாய் திறந்திருந்து, இரத்தப்போக்கு முன்னையதை விடக் கூடும். இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அசிட் 500 மி.கி. அம்பியூல் இரண்டு, பத்து நிமிடத்தில் மெதுவாக, காயம்பட்டு மூன்று மணித்தியாலத்துக்குள். வேகமாகத் தள்ளினால் பிரஷர் விழும். யானை தாக்கியவருக்கு இடுப்பெலும்பை நினையுங்கள்: மடித்த படுக்கை விரிப்பை இடுப்பு எலும்பின் மேல்விளிம்பில் கட்டுவது வழக்கமான பிழை. தொடை எலும்பு தொடங்கும் அந்தப் புடைப்பின் மட்டத்தில்தான் கட்ட வேண்டும். இடுப்பை ஆட்டிப் பார்க்கக் கூடாது.

பாம்பு கடித்தவருக்குக் கட்டு கூடாது. ஆனால் வந்து சேரும்போது கட்டு இருக்கும். அதைக் கண்டவுடன் வெட்டி எறிவதும் பிழை. இறுகிய கட்டுக்குக் கீழே தேங்கிய நஞ்சு ஒரேயடியாக இறங்கும். நாளத்தில் ஊசி போட்டு, பலூன் பையை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு மெல்லத் தளர்த்துங்கள். மோதிரம், காப்பு, மெட்டி, கொலுசு எல்லாம் முதல் ஐந்து நிமிடத்திலேயே கழற்ற வேண்டும், பிறகு வீக்கத்தில் வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். கையைக் காலை அசையாமல் பலகை வைத்துக் கட்டுங்கள். வீக்கத்தின் எல்லையில் பேனாக்கோடும் நேரமும். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். தசைக்குள் ஊசி எதுவும் போடாதீர்கள், அஸ்பிரினும் டிக்லோஃபெனாக்கும் வேண்டாம். கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தத்தை உறையவிடாது. வலிக்குப் பரசிற்றமோல். ஒவ்வாமைக்கான அட்ரினலின் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

கட்டு விரியன் இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடிவாய் தெரியாது, வலி இராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று அழைப்பு வரும். நிலத்தில் படுத்தவர், காரணமில்லா வயிற்றுவலி, இமை மெல்ல இறங்குகிறது என்றால் கடி தெரியவில்லை என்பதை மறந்துவிட்டு மூச்சைப் பாருங்கள். "ஒன்றிலிருந்து இருபது வரை ஒரே மூச்சில் எண்ணுங்க அம்மா" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால், பதினெட்டு பன்னிரண்டாகிப் பன்னிரண்டு ஏழாவதைக் கருவி காட்டுமுன் நீங்களே கேட்பீர்கள்.

வைத்தியசாலையில் 20 நிமிட உறைவுப் பரிசோதனை சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் செய்வது. பிளாஸ்ரிக்கில் இரத்தம் சரியாக உறையாது, பிழையான முடிவு வரும். இங்கே பயன்படும் இந்திய விஷமுறி மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நான்குக்கும் உரியது. சிங்களத்தில் குனகட்டுவா என்னும் கூர்மூக்குக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. ஆகவே பாம்பின் படம் இருந்தால் பயன், உயிரோடு பிடித்துப் பையில் கொண்டுவருவது இன்னொரு நோயாளி. விஷமுறி ஏறிக்கொண்டிருக்கும் நோயாளியை அடுத்த வைத்தியசாலைக்கு மாற்றும்போது அட்ரினலின் 0.5 மில்லி சிரிஞ்சில் இழுத்து, லேபிள் ஒட்டி, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

சுகரும் வலிப்பும்

நோன்பு மாதத்தில் பின்னேரம் நான்கிலிருந்து ஆறு வரை காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் மயக்கம் என்று வரும் அழைப்புக்கு முதல் கருவி குளுக்கோமீற்றர். கசிப்பு மணக்கும் ஆளுக்கும் அப்படியே. மணம் வருவதால் சுகர் குறையவில்லை என்றாகாது. விரலைத் தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகு குத்துங்கள். மாம்பழமோ சீனியோ பட்ட விரல் 40ஐ 140 ஆக்கிக் காட்டும். ஸ்பிரிற் ஈரம் காயட்டும்.

சுகர் 70 மி.கி./டெ.லீ.க்குக் கீழே, விழுங்கக் கூடியவர் என்றால் சீனித் தண்ணீர். முடியாதவருக்கு 10 சதவீத டெக்ஸ்ரோஸ் 150 முதல் 250 மில்லி. 50 சதவீதம்தான் கையில் என்றால் 50 மில்லியில் 25 கிராம் இருக்கிறது. பெரிய நாளத்தில், சேலைன் ஓடுவதைப் பார்த்த பிறகு, மெதுவாக. வெளியே கசிந்தால் அந்த இடத்துத் தசையே அழுகும். சிறுவருக்கு 10 சதவீதத்தில் கிலோவுக்கு 2 மில்லி. 50 சதவீதம் 10 மில்லியோடு ஊசித் தண்ணீர் 40 மில்லி சேர்த்தால் 10 சதவீதம் 50 மில்லி கிடைக்கும். எழும்பிய பிறகு "இனி ஆஸ்பத்திரி எதுக்கு, மகன்" என்பார் ஐயா. கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் குடிப்பவருக்குச் சில மணித்தியாலத்தில் மீண்டும் இறங்கும், சிறுநீரகம் பழுதென்றால் அடுத்த நாளும் இறங்கும். விட்டுவிட்டு வரக் கூடாது.

ஐந்து நிமிடத்தைத் தாண்டிய வலிப்புக்கு மிடசோலம் 40 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 10 மி.கி. தசைக்குள். இங்கே கவனம்: 5 மில்லியில் 5 மி.கி. என்று ஓர் அம்பியூல், 3 மில்லியில் 15 மி.கி. என்று இன்னோர் அம்பியூல். முதலாவதில் 10 மில்லி வேண்டும், இரண்டாவதில் 2 மில்லி. "ஒரு அம்பியூல் போடு" என்று யாராவது சொன்னால் எந்த அம்பியூல் என்று கேட்காமல் கை நீட்டாதீர்கள். மூச்சு குறையும் என்று எதிர்பார்த்து பலூன் பையைத் தலைமாட்டில் வையுங்கள்.

20 வாரம் தாண்டிய கர்ப்பிணிக்கோ, பிள்ளை பெற்று ஆறு வாரத்துக்குள் இருக்கும் தாய்க்கோ வலிப்பு வந்தால் அது எக்லாம்சியா, அதாவது கர்ப்பகால உயர் பிரஷரோடு வரும் வலிப்பு, என்றே எடுங்கள். மருந்து மக்னீசியம். 50 சதவீத அம்பியூல் 2 மில்லியில் 1 கிராம், நான்கு உடைத்து 8 மில்லி, சேலைன் 12 மில்லி சேர்த்து 20 ஆக்கி, 10 முதல் 15 நிமிடத்தில். முழங்கால் தட்டினால் துள்ளவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 12க்குக் கீழே என்றால் நிறுத்தி, கல்சியம் குளுகோனேற் 10 சதவீதம் 10 மில்லி. இடப்பக்கம் சரித்தே கொண்டுபோங்கள்.

நெஞ்சு நோவுக்குச் சுருக்கமாக: அஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கட்டும், விழுங்கினாரா என்று வாயைப் பாருங்கள். நாக்கின் கீழ் ஜி.ரி.என். (நைட்ரோகிளிசரின்) குளிசை. மேல் பிரஷர் 90க்குக் கீழே இருந்தாலோ, 24 மணித்தியாலத்துக்குள் சில்டெனஃபில் (ஆண்மைக் குறைவுக்கான குளிசை) எடுத்திருந்தாலோ அது வேண்டாம். அந்தக் கேள்வியை மனைவி பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டால் உண்மை வராது. ஜி.ரி.என். குளிசை வந்த கண்ணாடிப் போத்தலிலேயே இருக்க வேண்டும், திறந்த திகதி எழுதி எட்டு வாரத்தில் கழியுங்கள்.

வாவியிலோ கடலிலோ மூழ்கியவருக்கு வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் கூடாது. முதலில் ஐந்து மூச்சு, பிறகு 30க்கு 2. பட்டை ஒட்டுமுன் நெஞ்சைத் துடையுங்கள். கருவி இதயத்தை வாசிக்கும்போது வாகனம் நின்றிருக்க வேண்டும், கிறவல் பாதைக் குலுக்கலை அது துடிப்பென்று எடுத்துக்கொள்ளும்.

இரண்டு பேர், ஒரு லேபிள்

நாளத்துக்குள் மருந்து ஏற்றும்போது முடிந்தால் வாகனத்தை ஓரமாக நிறுத்துங்கள். முப்பது விநாடிதான். சாரதி திரும்பி லேபிளை வாசிக்கட்டும்: "அட்ரோப்பின், பொயின்ற் ஆறு, திகதி இருக்கு." "ஓம் அண்ணன், அஞ்சு அம்பியூல், மூன்று மில்லிகிராம்." மருந்து தெரியாதவர் என்றாலும் எழுத்து வாசிக்கத் தெரியும், பிழையான அம்பியூலைப் பிடிக்க அது போதும். கடமை மாறும் நேரத்தில் ஒரு நாளுக்கு ஒரு மருந்து, காலாவதியான அம்பியூலை வைத்து இழுத்துப் பழகுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பழகிய அம்பியூல் மறுபடி பெட்டிக்குள் போகாமல் அப்போதே கழிவுக்குப் போக வேண்டும்.

ஒப்படைக்கும்போது வயது, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, முதலில் கண்ட அளவுகள், இப்போதைய அளவுகள், கொடுத்த மருந்து, அளவு, நேரம். அம்பாறையில் இறக்கினால் கேட்பவர் சிங்களத்தில் கேட்பார். எண்களை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தால் மொழி தடையாகாது. பயன்படுத்திய அம்பியூல்களை ஒரு கிண்ணத்தில் போட்டு அப்படியே காட்டுங்கள். கிளினிக் கொப்பியும் மருந்துப் பையும் நோயாளியோடு இறங்கினதா என்று ஸ்ட்ரெச்சரின் அடியையும் பாருங்கள், பாதித் தடவை அங்கேதான் கிடக்கும்.

திரும்பி வந்ததும் பெட்டியை நிரப்பி, இலக்கம் போட்ட பிளாஸ்ரிக் முத்திரை பூட்டி, உள்ளே இருப்பவற்றில் முதலில் முடியும் காலாவதித் திகதியை வெளியே ஒட்டுங்கள். முத்திரை உடையாமல் இருந்தால் அடுத்தவர் எண்ணத் தேவையில்லை, திகதியை மட்டும் பார்த்தால் போதும். நிரப்ப மருந்து கிடைக்காவிட்டால் "அட்ரோப்பின் 4 மட்டும்" என்று பூட்டுக்கு மேலேயே சிவப்புப் பேனாவால் எழுதிவிட்டு, கட்டுப்பாட்டு அறைக்கும் சொல்லிவிடுங்கள். கச்சான் நாளென்றால் பெட்டியை வாகனத்துக்குள் விடாமல் கையோடு உள்ளே எடுத்துப் போங்கள். சாவி எங்கே தொங்குகிறதோ, பெட்டி அதற்குக் கீழே.